தாத்தாவின் தகரப் பெட்டியில் ஒரு ரிவோல்வர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில் பழைய கடிதங்களும் முத்திரைகளும் புகைப்படங்களும் சேர்த்துக்கொண்டிருப்பவன் நான். துப்பாக்கிக்கும் எனக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனால் பேர்போனவர்களின் ரிவோல்வர்கள் ஏலத்தில் போன கதையை ஒருமுறை நண்பர்களிடம் சொல்லப்போய், அன்று தொடங்கியது வினை. "எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, இன்னாருடையதாம்" என்று மாதத்துக்கு ஒருவராவது வருகிறார். ஒரே பதிலை ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சலித்துவிட்டதால், எழுதியே வைத்துவிட்டேன்.

ரிவோல்வரும் பிஸ்டலும் ஒன்றுதானே?

இல்லை. ரிவோல்வரில் ரவைகள் ஓர் உருளைக்குள் தனித்தனி அறைகளில் இருக்கும். குதிரையை இழுக்கும்போது உருளை ஓர் அறை அளவு சுழன்று, அடுத்த ரவை குழலுக்கு நேரே வந்து நிற்கும். சுழல் துப்பாக்கி என்ற தமிழ்ப் பெயர் அதனால் வந்தது. தானியங்கிப் பிஸ்டலில் உருளை கிடையாது. ரவைகள் பெரும்பாலும் பிடிக்குள் செருகும் பெட்டியில் அடுக்காக இருக்கும்.

இந்த வேறுபாடு தெரியாததால் சரித்திரத்தில் பாதி ரிவோல்வர்கள் ரிவோல்வர்களே அல்லாமல் போகின்றன. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட வாஞ்சிநாதன் எடுத்துச் சென்றது பிரவுனிங் பிஸ்டல். பொலிஸ் அதிகாரி சாண்டர்ஸ் கொலை வழக்கில் பேசப்படும் பகத் சிங்கின் ஆயுதம் 0.32 கோல்ட் தானியங்கிப் பிஸ்டல். காந்தியைக் கொன்றது இத்தாலியப் பெரெட்டா. 1914-இல் சரயேவோவில் வெடித்து முதல் உலகப் போருக்கு வழிவைத்ததும் பிஸ்டல்தான். சர்ச்சிலின் கதை இன்னும் சுவையானது. 1896-இல் பம்பாயில் படகிலிருந்து இறங்கும்போது அவருடைய தோள்மூட்டு விலகியது. வாள் வீச முடியாதபடி கை பழுதானதால், 1898-இல் சூடானின் ஒம்துர்மான் போருக்கு மவுசர் பிஸ்டலோடு போனார். அன்று அவர் உயிரோடு திரும்பியதில் பம்பாய்ப் படித்துறைக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் கணக்கு.

எங்களுடையது பண்டார வன்னியன் காலத்து ரிவோல்வர் என்கிறார்கள். இருக்குமா?

இருக்காது. வன்னிச் சிற்றரசன் பண்டார வன்னியனை பிரித்தானியப் படையின் கப்டன் வொன் டிரிபேர்க் தோற்கடித்ததாகக் கற்சிலைமடு நடுகல் சொல்லும் நாள் 1803 ஒக்டோபர் 31. சாமுவேல் கோல்ட் அமெரிக்காவில் தன் ரிவோல்வருக்குக் காப்புரிமை பெற்றது 1836 பெப்ரவரி 25. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பெயரைச் சொல்லியும் ஒருவர் வந்தார். அவன் வேலூரில் சிறையிருந்து இறந்தது 1832-இல். ஆகவே அவனும் கோல்ட் ரிவோல்வரைக் கண்ணால் கண்டிருக்க முடியாது. கட்டபொம்மனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

கோல்ட்டுக்கு முன் சுழலும் உருளை இருந்ததே இல்லையா என்றால், இருந்தது. 1818 அளவிலேயே லண்டனில் எலைஷா கொலியர் சக்கிமுக்கிக் கல் பொருத்திய சுழல் துப்பாக்கிக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனால் அவை அபூர்வப் பொருட்கள். ஹற்றனில் ஒரு தகரப் பெட்டியில் கிடக்க மாட்டா.

பார்த்தவுடன் காலத்தைக் கணிக்க வழி உண்டா?

ஓரளவுக்கு. உருளையின் பின்புறம் மூடியிருந்து, ஒவ்வோர் அறைக்கும் ஒரு சிறு முலை போன்ற குமிழ் இருந்தால், அது மருந்தும் குண்டும் தனித்தனியாகக் கெட்டிக்கும் பழைய வகை. கோல்ட்டின் 1847 வோக்கர், 1851 நேவி எல்லாம் இந்தக் குடும்பம். வோக்கர் என்பது மெக்சிக்கோப் போருக்காக அமெரிக்கப் படை 1,000 வாங்கிய இராட்சதன். எடை இரண்டு கிலோவுக்கும் மேல். இடுப்பில் செருகினால் சாரம் கழன்றுவிடும், குதிரைச் சேணத்தில்தான் தொங்கவிட்டார்கள்.

உருளை பின்னால் திறந்து, உலோக உறையுள்ள ரவையை நேரே நுழைக்க முடிந்தால் அது அடுத்த தலைமுறை. ஸ்மித் அன்ட் வெசன் 1857-இல் அதைத் தொடங்கியது. அந்த அமைப்பின் காப்புரிமை 1869 வரை அவர்கள் கையில் இருந்ததால், கோல்ட் நிறுவனம் தன் புகழ்பெற்ற 'பீஸ்மேக்கரை' 1873-இல்தான் கொண்டுவர முடிந்தது. 'சமாதானம் செய்பவன்' என்று பொருள். பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு அதிகம்.

இலங்கைப் பெட்டிகளில் பெரும்பாலும் கிடப்பது வெப்லி, பர்மிங்ஹாம் தயாரிப்பு. 1887-இல் பிரித்தானியப் படைக்குள் வந்தது. குழலை முன்பக்கமாக முறித்தால் ஆறு வெற்று உறைகளும் ஒன்றாக வெளியே எழும்பும். முதல் உலகப் போரில் பரவலாகப் புழங்கியது 1915-இன் ஆறாம் மாதிரி.

எது மிக அதிக விலைக்குப் போனது?

2021 ஓகஸ்டில் லொஸ் ஏஞ்சலிசில் பொன்ஹாம்ஸ் நிறுவனம் ஏலம் விட்ட கோல்ட் ஒன்று 6.03 மில்லியன் டொலருக்குப் போனது. 1881-இல் 'பில்லி த கிட்' என்ற இளங்கொள்ளையனை ஷெரிப் பட் கரெட் சுட்ட துப்பாக்கி அது. அடுத்த ஆண்டு, அமெரிக்க ஜனாதிபதி யுலிசிஸ் கிராண்டுக்குப் பரிசளிக்கப்பட்ட இரட்டை ரெமிங்டன் ரிவோல்வர்கள் 5.17 மில்லியனுக்கு விற்றன.

ஆனால் விலைப்பட்டியலின் உச்சியைப் பார்ப்பதில் பாடம் ஏதும் இல்லை. எனக்குப் பிடித்தவை பாரிசில் விற்ற இரண்டு. இரண்டும் ஒரே இனம்: லெபோஷே அமைப்பு, 7 மில்லிமீற்றர், ரவையின் பக்கவாட்டில் ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காலத்தில் யாரும் கடையில் வாங்கக்கூடிய மலிவுச் சரக்கு.

முதலாவது பிரெஞ்சுக் கவிஞர் வெர்லேனுடையது. 1873 ஜூலை 10 காலை பிரசல்சில் ஒரு கடையில் வாங்கினார். பிற்பகல் விடுதி அறையில், தன்னை விட்டுப் பிரிந்துபோகப் புறப்பட்ட 18 வயதுக் கவிஞன் ரெம்போவை நோக்கி இரண்டு முறை சுட்டார். ஒரு ரவை மணிக்கட்டில் பட்டது, மற்றது சுவரில். வெர்லேனுக்கு இரண்டு ஆண்டுச் சிறை. துப்பாக்கியைப் பறிமுதல் செய்தார்கள், பிற்பாடு அது விற்ற கடைக்கே திரும்பியது. கடைக்காரரின் பதிவேட்டில் தொடர் இலக்கம் இருந்தது. 2016 நவம்பரில் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் அதை 4,34,500 யூரோவுக்கு விற்றது. மதிப்பீடு செய்திருந்தது 60,000 அளவில்தான்.

இரண்டாவது, ஓவியர் வின்சென்ட் வான் கோ 1890 ஜூலையில் தன் உயிரை முடித்துக்கொள்ளப் பயன்படுத்தியதாகக் கருதப்படுவது. ஓவேர் கிராமத்து வயலொன்றில் 1960 அளவில் ஒரு விவசாயி கண்டெடுத்தார். மண்ணில் கிடந்து துருவேறி எலும்புக்கூடு போல ஆகிவிட்டது. இடம் பொருந்துகிறது, ரவையின் அளவு மருத்துவர் குறித்ததோடு பொருந்துகிறது, மண்ணில் கிடந்த காலம் பொருந்துகிறது. ஆனாலும் முழு உறுதி இல்லை என்று ஏலக்காரர்களே சொன்னார்கள். 2019 ஜூனில் 1,62,500 யூரோவுக்குப் போனது.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெர்லேனை விட வான் கோவை உலகம் எத்தனையோ மடங்கு அதிகம் அறியும். அவருடைய ஓவியங்களின் விலை நமக்கெல்லாம் வாயில் நுழையாத தொகை. இருந்தும் வெர்லேனின் துப்பாக்கி இரண்டரை மடங்குக்கு மேல் விலை போனது. இரும்பு கெட்டிருந்தது ஒரு காரணம் என்பது உண்மை. ஆனால் பெரிய வித்தியாசம், ஒன்றுக்குப் பேரேடும் பொலிஸ் வழக்கும் நீதிமன்றத் தீர்ப்பும் சாட்சி, மற்றொன்றுக்கு வயல் மட்டுமே சாட்சி.

அப்படியானால் இன்னாருடையது என்று எப்படி நிறுவுவது?

தாளால். தொடர் இலக்கம் தெரிந்தால், கோல்ட் நிறுவனத்தின் ஆவணப் பிரிவு பணம் பெற்றுக்கொண்டு, அந்தத் துப்பாக்கி எந்த நாளில் எந்த வடிவில் யாருக்கு அனுப்பப்பட்டது என்று கடிதம் தரும். ஸ்மித் அன்ட் வெசனுக்கும் அத்தகைய வசதி உண்டு. அது முதல் படிதான். தொழிற்சாலையிலிருந்து வியாபாரிக்குப் போனது தெரியும். வியாபாரியிடமிருந்து உங்கள் வீரருக்குப் போனது தெரியாது. மீதி வழியைக் கடிதம், உயில், வழக்கு, பழைய புகைப்படம் ஆகியவைதான் நிரப்ப வேண்டும்.

பட் கரெட்டின் துப்பாக்கி ஒரு மதுக்கடைக்காரர் கைக்குப் போய்விட்டிருந்தது. கரெட்டின் மனைவி 1930-களில் நீதிமன்றம் ஏறி அதை மீட்டார். அந்த அம்மையார் பட்ட பாடுதான் பின்னாளில் மில்லியன்களாகக் காய்த்தது. சிக்காகோ குண்டர் தலைவன் அல் கப்போனின் கோல்ட் ரிவோல்வர் 2011-இல் லண்டனில் 67,250 பவுணுக்குப் போனபோது, அவருடைய சகோதரரின் விதவை எழுதிக்கொடுத்த உறுதிக் கடிதமும் கூடவே போனது.

வாய்ச்சொல் மட்டும் இருந்தால்? கொள்ளையன் ஜெசி ஜேம்சின் தாயார், மகனின் கல்லறைமேல் இருந்த கூழாங்கற்களை வருவோருக்கு விற்று, தீர்ந்ததும் ஓடையிலிருந்து அள்ளி நிரப்பினாராம். அவர் விற்ற 'மகனின் துப்பாக்கிகள்' பற்றியும் அதே தொனியில்தான் பேசுவார்கள். தாய் சொல்லே அப்படியென்றால், நம் மாமா சொல் எந்த மூலைக்கு?

குழலில் ஆங்கிலத்தில் பெயர் பொறித்திருக்கிறதே. அது சொந்தக்காரர் பெயர் அல்லவா?

பெரும்பாலும் கடைக்காரர் பெயர். பிரித்தானிய அதிகாரிகள் தங்கள் கைத்துப்பாக்கியைச் சொந்தப் பணத்தில் வாங்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. லண்டன் கடைகள் வெப்லியை வாங்கித் தங்கள் பெயரைப் பொறித்து விற்றன. ஆகவே 'வில்கின்சன்' என்று இருந்தால், வில்கின்சன் துரை என்று ஒருவரைத் தேடி நுவரெலியாக் கல்லறைகளில் அலைய வேண்டாம். அகலமான அம்புக்குறி இருந்தால் அரசாங்கச் சொத்தாக இருந்தது என்று பொருள். எழுத்துகளில் பிழையோ, தலைகீழான எழுத்தோ கண்டால், கைபர் கணவாய்ப் பக்கத்துப் பட்டறையில் கையால் செய்த போலி என்று சந்தேகப்படலாம். அங்கே கொல்லர்கள் வெப்லியை அச்சு அசலாகச் செய்வார்கள்; ஆங்கிலம் மட்டும் காலை வாரிவிடும்.

அமெரிக்க வகை என்றால் இன்னொரு கவனம். 1950-களின் இறுதியிலிருந்து இத்தாலியில் கோல்ட் பிரதிகளை ஆயிரக்கணக்கில் செய்கிறார்கள். அவற்றைப் பழசாக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள்.

கொழும்பிலேயே பேர்போன ரிவோல்வர் ஏதும் உண்டா?

உண்டு, துயரமானது. 1959 செப்டம்பர் 25 காலை, கொழும்பு 7 ரொஸ்மீட் பிளேஸ் வீட்டு விறாந்தையில் பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க சுடப்பட்டார். மறுநாள் இறந்தார். சுட்டவர் தல்துவே சோமாராம என்ற பிக்கு, 1962-இல் தூக்கிலிடப்பட்டார். ஆயுதம் 0.45 வெப்லி ஆறாம் மாதிரி. மேலே தகரப் பெட்டிகளில் கிடப்பதாகச் சொன்னேனே, அதே மாதிரி.

ஒருவர் வைத்திருந்த துப்பாக்கி வேறு, ஒருவரைக் கொன்ற துப்பாக்கி வேறு. சேர்ப்பவர்கள் இரண்டையும் குழப்புகிறார்கள். பின்னதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பதில் எனக்கு ஒரு கூச்சம் உண்டு. 1881-இல் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டைச் சுட்ட கிற்றோ, நூதனசாலையில் வைத்தால் அழகாக இருக்கும் என்று தந்தப் பிடி போட்ட ரிவோல்வர் மேல் ஆசைப்பட்டவன். அவன் வாங்கிய புல்டொக் ரிவோல்வரைப் படம் பிடித்து வைத்தார்கள். பிறகு அது எங்கோ தொலைந்துபோனது. தொலைந்ததே நல்லது என்று நினைப்பேன்.

இரும்பையும் அதன் வரலாற்றையும் ஒன்றாகப் பார்க்க ஆசையென்றால், 1877-இல் ஆளுநர் கிரெகரி தொடங்கிய கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போங்கள். 1765-இல் டச்சுக்காரர் கண்டியிலிருந்து கொள்ளையடித்துக்கொண்டு போன, வெள்ளியும் பொன்னும் மாணிக்கமும் பதித்த பீரங்கி, வாள்கள், ஒரு கத்தி, இரண்டு துப்பாக்கிகள் என ஆறு பொருட்கள் ஆம்ஸ்ரர்டாம் ரைக்ஸ் மியூசியத்திலிருந்து 2023 இறுதியில் நாடு திரும்பின. எங்கிருந்து எப்படிப் போனது என்று இரு நாட்டு ஆய்வாளர்களும் உட்கார்ந்து தாள்களைப் புரட்டிய பிறகுதான் அவை திரும்பி வந்தன.

பழைய பொருள்தானே, வீட்டில் வைத்திருந்தால் என்ன?

இங்கே விளையாட வேண்டாம். 1916-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 1996 திருத்தம் தண்டனையைக் கடுமையாக்கியது. அனுமதிப்பத்திரம் ஆளுக்கு உரியது. தாத்தாவிடம் இருந்தது என்பதால் பேரனுக்கு வந்துவிடாது. ஒரு சட்டத்தரணியைக் கலந்து, பொலிசுக்கு அறிவியுங்கள். பையில் போட்டுக் காலி வீதி பஸ்ஸில் ஏறிப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். அப்படிச் செய்யப் புறப்பட்ட ஒருவரை நான் வாசலில் மறித்திருக்கிறேன். இந்த நகரத்தில், அதுவும் நம் பெயரோடு, பையில் துப்பாக்கி என்றால் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் விடிந்துவிடும்.

ரவை இல்லை என்று நீங்களே முடிவு செய்யவும் வேண்டாம். மருந்து கெட்டித்த பழைய உருளைகள் நூறு ஆண்டு கழித்தும் வெடிக்கக்கூடியவை. கரிமருந்துக்கு வயது ஒரு பொருட்டல்ல.

தொல்பொருள் என்று பதிந்துகொள்ள முடியாதா?

நல்ல யோசனைதான், ஆனால் ஆண்டுக்கணக்கு இடறுகிறது. 1940-ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் எல்லைக்கோடாக வைத்திருப்பது 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். கோல்ட்டின் முதல் ரிவோல்வரே அதற்கு 21 ஆண்டுகள் பிந்தியது. கொலியருடையது மூன்று ஆண்டுகளில் தவறிப்போகிறது! வெளிநாட்டுக்கு அனுப்பி விற்கலாம் என்று நினைத்தால், 1988-இன் கலாசாரச் சொத்துகள் சட்டம், சுங்கம், ஆயுத ஏற்றுமதி அனுமதி என்று வரிசை நீளும்.

தந்தப் பிடி போட்டிருந்தால் விலை கூடுமா?

முன்பு கூடும். அமெரிக்க ஜெனரல் பற்றன் 1916-இல் வாங்கிய கோல்ட்டின் தந்தப் பிடி உலகப் புகழ். இன்று தந்தம் எல்லை கடப்பது பெரும்பாடு. 2016 ஜனவரி 26 அன்று, கொழும்புத் துறைமுகத்தில் பிடிபட்ட 359 ஆபிரிக்கத் தந்தங்களைக் காலிமுகத்திடலில் எல்லோரும் பார்க்க நொறுக்கினார்கள். அதை நேரில் பார்த்தவர்கள் தந்தப் பிடியைப் பெருமையாகக் காட்டமாட்டார்கள்.

துருவை எடுத்துப் பளபளப்பாக்கட்டுமா?

வேண்டாம். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பதுபோல் இதைத் தேய்த்தால், எழுத்தும் முத்திரையும் சேர்ந்து போகும். தேங்காய் எண்ணெயும் ஆகாது, நாளடைவில் காறிப்போகும். தோலுறையில் வைப்பது அதைவிட மோசம். தோல் ஈரத்தைக் குடித்து இரும்புக்கு ஊட்டும், வெள்ளவத்தை உப்புக் காற்றுக்குச் சொல்லவே வேண்டாம். இதெல்லாம் சட்டப்படி வைத்திருப்பவருக்கு.

நீங்கள் வாங்குவீர்களா?

மாட்டேன். ஆனால் பெட்டியில் வேறென்ன இருக்கிறது என்று கேட்பேன்.

கொட்டாஞ்சேனை நண்பர் ஒருவரின் தாத்தா, ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கர், அதாவது தலைமை எழுத்தர். வேலை முடிந்து தன் ஊருக்குத் திரும்பிய தோட்டத்து வெள்ளைக்காரத் துரை அவரிடம் ஒரு வெப்லியை விட்டுப் போனார். அது இரண்டாம் உலகப் போரின்போது மவுண்ட்பேட்டன் பிரபு கண்டியில் தலைமையகம் வைத்திருந்த காலத்தில் துரைக்குக் கொடுத்தது என்பது குடும்பக் கதை. படத்தில் பார்த்தேன்: அம்புக்குறி, 1917 என்ற ஆண்டு, பிரபுவோடு தொடர்புபடுத்த ஒரு கீறல்கூட இல்லை. நண்பருக்கு முகம் சுருங்கிவிட்டது. அதே பெட்டியின் அடியில் ஒரு நீலத்தாள் கடிதம் மடித்துக் கிடந்தது. பத்து வருடச் சம்பள நாட்களில் வங்கியிலிருந்து பணப்பெட்டியைக் கொண்டுவந்ததற்கும், ஒருமுறைகூடத் துப்பாக்கியைக் கையில் எடுக்காததற்கும் நன்றி சொல்லி, துரை தன் கையால் எழுதியது.

துப்பாக்கி பொலிசுக்குப் போய், பற்றுச்சீட்டு வந்தது. கடிதத்தை விலைக்குக் கேட்டேன். நண்பர் தரவில்லை. இப்போது அது அவர்கள் வீட்டு முன்னறையில், தாத்தாவின் படத்துக்குக் கீழே, சட்டம் போட்டுத் தொங்குகிறது. வெயில் படும் சுவர், மை மங்கிவிடும், இடத்தை மாற்றுங்கள் என்று மூன்று முறை சொல்லிவிட்டேன்.